வேதத்துல தன் பேரைப் போடச் சொன்ன ராசா

ஒரு ஊரு, சுத்திலும் பனங்காடு, நடுவுல ஒரு அரமனை, அந்த அரமனையில மகுடபூபதி மகுடபூபதின்னு ஒரு ராசா. மனுசன் கெட்டவரு இல்ல பிள்ளைகளா, ஆனா தன்னை யாராவது புகழலைன்னா அவருக்குச் சோறு எறங்காது.

ஒரு ஞாயித்துக்கெழமை ராசா கோயிலுக்குப் போனாரு. எல்லாரும் தரையில இருக்காங்க, இவரு மட்டும் உயரமா நாற்காலி போட்டு, கால் மேல கால் போட்டு உக்காந்தாரு. வேதம் வாசிக்கிறவரு பேரு ஞானாபரணம். அவரு புஸ்தகத்தைத் தொறந்து, "கடவுள் மழை தருகிறார், கடவுள் பசித்தவனுக்குச் சோறு தருகிறார், கடவுள் அழுகிறவர்களின் கண்ணீரைத் துடைக்கிறார்"னு வாசிச்சாரு.

ராசாவுக்கு மூக்கு வெடைச்சுப் போச்சு. "ஓய், நிறுத்தும்! இவ்வளவு நேரம் வாசிச்சீரே, ஒரு எடத்துலயாவது என் பேரு வந்துச்சா?"

"வராது மகாராசா. இது கடவுளோட புஸ்தகம்."

"கோயில் கட்டினவன் நான், கூரை போட்டவன் நான். இனிமே கடவுள்னு வர்ற எடத்துல எல்லாம் மகுடபூபதின்னு வாசியும்!"

"வேண்டாம் மகாராசா, அந்த எடம் ரொம்பக் கனமான எடம்."

"பேருல என்னவே கனம்?"னு ராசா சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே செருப்புக் காலைத் தூக்கி அந்தப் புஸ்தகம் வச்சிருந்த பலகை மேல வச்சாரு பாருங்க!

அடுத்த ஞாயிறு ஞானாபரணம் என்ன செய்வாரு பாவம்? "மகுடபூபதி மழை தருகிறார், மகுடபூபதி பசித்தவனுக்குச் சோறு தருகிறார், மகுடபூபதி அழுகிறவர்களின் கண்ணீரைத் துடைக்கிறார்"னு வாசிச்சாரு. ராசா மீசையை முறுக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயி மூணு தட்டு சோறு தின்னாரு.

அப்புறம் என்ன? விடிஞ்சுச்சு. அரமனை வாசல்ல தடதடன்னு சத்தம். யாருன்னு பாத்தா ஒரு கெழவி, பேரு பாக்கியத்தம்மா.

"என்ன ஆத்தா வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம் ராசாவே. தெனமும் விடியக்காலம் கடவுள்கிட்ட என் கஷ்டத்தைச் சொல்லுவேன். இப்ப நீங்கதானே கடவுள்? அதான் வந்தேன்"னு சொல்லி, மருமக குழம்புல உப்பை அள்ளிப் போட்டதுல ஆரம்பிச்சா, உச்சிப்பொழுது வரைக்கும் முடிக்கல. ராசாவுக்குக் காலைக் கஞ்சியும் போச்சு.

அவ போனதும் மாசிலாமணின்னு ஒருத்தன் தாடையைப் பிடிச்சுக்கிட்டு, "பல்லுவலி தாங்கல ராசாவே, தொட்டுச் சொகமாக்குங்க"ன்னான். ராசா தொட்டாரு. அவன் போட்ட அலறல்ல அரமனைப் புறா எல்லாம் பறந்துருச்சு.

அப்புறம் ஊரே தெரண்டு வந்து, "மழை குடுங்க ராசாவே"ன்னுச்சு. ராசா மொட்டைமாடியில ஏறி, "ஏ மேகமே, எறங்கு! நான் ராசா சொல்லுதேன்!"னு கத்துனாரு. எறங்குச்சு மக்கா, மழை இல்ல, ஒரு காக்கா எச்சம், நேரா கிரீடத்து மேல! சிரிக்காதீங்க, அங்க யாரும் சிரிக்கல, பயம்.

ராசா தொடைச்சுக்கிட்டு கீழ வந்தா, அன்னப்பழம்னு ஒரு பொண்ணு நிக்கா. தோள்ல பிள்ளை. காய்ச்சல்ல பிள்ளை துவண்டு கெடக்கு, கண்ணு தொறக்கல.

"என் செல்லக்கனியைக் காப்பாத்துங்க ராசாவே. கண்ணீரைத் துடைக்கிறவர் நீங்கதான்னு வாசிச்சாங்களே."

ராசா பட்டுத் துண்டை எடுத்து அவ கண்ணீரைத் துடைச்சாரு. மறுபடியும் வந்துச்சு. மறுபடியும் துடைச்சாரு. மறுபடியும் வந்துச்சு. வைத்தியரைக் கூப்பிட்டாரு, அவரு கசாயம் குடுத்துட்டு, "என்னால ஆனது இவ்வளவுதான், மிச்சம் என் கையில இல்ல"ன்னாரு.

"பின்னே யாரு கையில?"

வைத்தியரு நடுங்கிக்கிட்டே, "உங்க கையில ராசாவே"ன்னாரு.

ராசா தன் ரெண்டு கையையும் விரிச்சுப் பாத்தாரு. மோதிரம் இருந்துச்சு, வேற ஒண்ணும் இல்ல. அந்தத் தாய் அந்தக் கையையே பாத்துக்கிட்டு நிக்கா. அப்பத்தான் அவருக்கு நெஞ்சு ஒடஞ்சுச்சு. கிரீடத்தைக் கழட்டி எறிஞ்சுட்டு, ஊரு பாக்க மண்ணுல முட்டி போட்டாரு.

"கடவுளே! எனக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு பல்லுவலியைக் கூட என்னால போக்க முடியாது. உம்ம எடத்துல ஏறி உக்காந்துட்டேன், எறங்கிட்டேன். என் மேல கோவிச்சுக்கிடும், இந்தப் பிள்ளையை விட்டுரும்"னு ஏங்கி ஏங்கி அழுதாரு.

வெயில் தாழ, பிள்ளைக்குக் குப்புன்னு வேர்த்துச்சு. மெல்லக் கண்ணைத் தொறந்து, "அம்மா, இந்த மாமா ஏன் அழுவுறாரு? அவருக்கும் கசாயம் குடுத்தாங்களா?"ன்னு கேட்டுச்சு. அன்னப்பழம் பிள்ளையை அணைச்சுக்கிட்டு அழுகையும் சிரிப்புமா நின்னா.

அடுத்த ஞாயிறு ராசா செருப்பை வெளிய விட்டுட்டு, தரையில, சனங்களோட சனமா உக்காந்தாரு. ஞானாபரணம் தயங்கித் தயங்கி, "யாரு பேரை வாசிக்க மகாராசா?"ன்னாரு.

"எழுதியிருக்கிற பேரை வாசியும் ஐயா."

அவரு பக்கத்தைத் திருப்பி, "கடவுள் கீழே விழுந்தவனைத் தூக்கிவிடுகிறார்"னு வாசிச்சாரு.

உடனே ராசா எந்திரிச்சு, "அது நான்தான்! அந்த விழுந்தவன் நான்தான்! வேதத்துல நானும் இருக்கேன்!"னு கத்துனாரு. கோயிலே கொல்லுன்னு சிரிச்சுச்சு, ராசாவும் சேந்து சிரிச்சாரு.

அவ்வளவுதான் மக்கா. கடவுள் மேல, ராசா தரையில, நீங்க பாயில. அவங்கவங்க எடத்துல கெடந்தா எல்லாருக்கும் சொகம். கண்ணை மூடுங்க.