தவளை சொன்ன ‘ழ’

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களும் பேசின. தவளை மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசியது. அதன் நாக்கு உள்ளே நன்றாக மடங்கும். அதனால் ‘ழ’ அவ்வளவு அழகாக வரும். அந்தத் தலைக்கனத்தில் மற்றவர் பேச்சைக் கிண்டல் செய்வதே அதற்கு வேலை.

ஏரிக்கரை வளையில் நான்கு குட்டிகளோடு குடியிருந்த வெள்ளெலிக்கு ‘ழ’ வராது. எல்லாம் ‘ள’தான்.

“அண்ணே, மளை வருமா?”

“மளையா? அது எந்த ஊர்ச் சரக்கு, தங்கச்சி?” என்று தவளை வயிறு குலுங்கச் சிரிக்கும்.

ஒரு வருஷம் ஏரி காய்ந்து வெடித்தது. வெள்ளெலிக்குப் பால் வற்றி, குட்டிகள் துவண்டு கிடந்தன. கடைசியில் ஒரு மேகம் வந்தது. மேகத்திடம் ஒரே ஒரு சொல்தான் சொல்லலாம். சொன்னதை அப்படியே செய்துவிட்டுப் போய்விடும். ‘அளி’ என்று சொல்ல வேண்டும். கொடு என்று பொருள்.

“நானே சொல்றேண்ணே. பிள்ளைங்க பசி எனக்குத்தானே தெரியும்,” என்றது வெள்ளெலி.

“மளைன்னு சொல்ற வாயா மேகத்துக்கிட்டப் பேசுறது? நம்ம மானம் போயிடும். தள்ளிக்கோ!”

வெள்ளெலி தள்ளிக்கொண்டது. பாவம், அந்த ஒரு சொல் அதன் வாயில் சரியாகவே வந்திருக்கும். தவளை பாறைமேல் ஏறித் தொண்டையைச் செருமியது. ஊரே பார்க்கிறது. ‘ள’ என்று சொன்னால் நம்மையும் வெள்ளெலியோடு சேர்த்துவிடுவார்களே என்று நாக்கை இன்னும் கொஞ்சம் உள்ளே மடக்கியது.

“அழி!”

“அய்யோ, கெடுத்தியேண்ணே!” என்று வெள்ளெலி குட்டிகளிடம் ஓடியது.

தவளை “இல்லை, இல்லை” என்று கத்தியது. மேகம் இரண்டாவது சொல்லைக் கேட்கவில்லை. கொட்டித் தீர்த்தது. கரை உடைந்தது. வளை இருந்த இடமே தெரியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் தவளை “தங்கச்சி, தங்கச்சி” என்று சேற்றைக் கிளறித் தேடியது. வெள்ளெலியும் இல்லை, குட்டிகளும் இல்லை. அழகாகப் பேசி என்ன கிழித்தேன் என்று அழுதது. இனி இந்த நாக்கு ‘ழ’ சொல்லவே கூடாது என்று அதை இழுத்து, வாயின் முன்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது.

அன்று முதல்தான் தவளையின் நாக்கின் அடி முன்வாயில் ஒட்டிக் கிடக்கிறது. சொல் எதுவும் வருவதில்லை. மேகம் கூடும்போதெல்லாம் அது வாயைத் திறப்பது தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்கத்தான். நமக்குக் கேட்பது ‘கொர், கொர்’ மட்டும்.