வாயில்லாத விருந்தாளி

குளக்கரைப் புங்கமரத்தின் அடியில் கட்டெறும்புகளின் புற்று இருந்தது. வாசலில் கொடுக்கி என்ற எறும்பு காவல் நின்றாள். ஒரு நாள் சாரலோடு ஒரு தூசு வந்து அவள் காலடியில் விழுந்தது.

"யார் நீ?"

"வைரஸ். எனக்கு வாயில்லை, வயிறில்லை, காலும் இல்லை. உங்கள் இரையில் ஒரு துணுக்கைக்கூடத் தொட மாட்டேன். ஓரமாகக் கிடக்கிறேனே, அக்கா."

கொடுக்கி முகர்ந்து பார்த்தாள். புற்றின் வாசனையே அடித்தது. "வாயில்லாதது நம்மை என்ன செய்துவிடும்? போ" என்று உள்ளே உருட்டிவிட்டாள்.

தூசு ஓர் அறைக்குள் போய் விழுந்தது. அங்கே ஏழு எறும்புகள் பக்கத்து அறைக் குஞ்சுகளுக்காக இரையை மென்றுகொண்டிருந்தார்கள். தூசு உடைந்தது. அதற்குள் ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது: "என்னைப் போல இன்னொன்று செய்."

கட்டளையிலும் புற்றின் வாசனை. அந்த வாசனையோடு வரும் கட்டளையை அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஏழு பேரும் இரையைப் போட்டுவிட்டுத் தூசு செய்ய ஆரம்பித்தார்கள். ஒன்று நூறானது. நூறு ஆயிரமானது. குஞ்சுகள் பசியில் நெளிந்தன. ஆறு பேர் ஓய்ந்து விழுந்தார்கள்.

ஏழாவது ஆள் நெட்டைக்காலி. விழுந்தவர்களைப் பார்த்து அவள் வேலையை நிறுத்தினாள்.

"இது யார் சொன்ன வேலை?"

"நாங்கள் சொன்னதுதான்" என்றது புதிதாகப் பிறந்த ஒரு தூசு. "நிறுத்தாதேடி. மனித உடம்பிலும் என் சொந்தங்கள் இப்படித்தான் பிழைக்கிறார்கள். அங்கே செல் என்று கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள். உள்ளே போனால் போதும், அறையே எங்களைச் செய்து கொடுக்கும். நிறைந்ததும் அறை வெடிக்கும். அடுத்த அறைக்குப் போவோம். மனிதனின் உடம்பு எங்களோடு மல்லுக்கட்டிச் சூடாகும். அதைக் காய்ச்சல் என்பான். சிலர் செத்தும் போவார்கள். இந்தச் சுவர் வெடித்தால் அடுத்தது உங்கள் குஞ்சுகள்."

"அப்படியா? நீயே ஒன்று செய்து காட்டு, பார்ப்போம்."

தூசு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"முடியாது, இல்லையா? இத்தனையும் நாங்கள் உழைத்தது."

நெட்டைக்காலி மண்ணைச் சுரண்டி, அறையின் வாசலை உள்ளிருந்தே அடைக்கத் தொடங்கினாள். சத்தம் கேட்டுக் கொடுக்கி வாசலிலிருந்து ஓடி வந்தாள்.

"நெட்டை, வெளியே வாடி!"

"வந்தால் என் காலில் ஒட்டிக்கொண்டு இவையும் வரும். நீ அந்தப் பக்கம் மண் போடு. இதன் உருவத்தை நன்றாகப் பார்த்துக்கொள். வாசனையை நம்பாதே. எல்லா வாசலுக்கும் போய்ச் சொல்."

"நான்தானே இதை உள்ளே விட்டேன்..."

"அழுகையை அப்புறம் வைத்துக்கொள். முதலில் குஞ்சுகளுக்கு இரை கொடு."

"செத்துப்போவாய்" என்றது தூசு.

"போகிறேன். ஆனால் உனக்கு வேலை செய்து சாக மாட்டேன்."

மண் மூடியது. சுவருக்கு அந்தப் பக்கம் குஞ்சுகள் இரை தின்னும் சத்தம் கேட்டது. நெட்டைக்காலி கடைசிவரை இன்னொரு தூசு செய்யவில்லை.

சொந்தக் கையில்லாத பகைவன் நம் கைகளைக் கொண்டே நம்மை அழிக்கிறான் என்பதால், அந்தக் கைகள் மறுக்கும் இடத்தில் அவன் தோற்றுப்போகிறான்.