மூன்று பச்சை விளக்குகள்

ஐம்பத்து நான்கு வயதில் இன்னாசி மறுபடி மாணவர் ஆனார். அவருக்குப் பாடம் சொல்ல வந்த ஹபீபாவுக்கு வயது முப்பத்தெட்டு.

ராமநாதபுரத்துக்குத் தெற்கே, கருவேலங்காட்டுக்கு நடுவில் நின்றது அந்த எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக். இன்னாசி அதில் டிரில்லர். இருபத்தெட்டு வருடமாக நெம்புகோல் பிடித்த கை. பூமிக்குள் இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் என்ன நடக்கிறது என்பதை மேலே அறையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார்.

இனி அந்த வேலையை இயந்திரங்களே செய்யட்டும் என்று நிறுவனம் முடிவெடுத்தது. எந்த இயந்திரம் எப்போது என்ன செய்ய வேண்டும், எது எதோடு பேச வேண்டும் என்று முழு அமைப்புக்கும் வரைபடம் போட வந்தவர் ஹபீபா. டிரில்லர் அதில் கையெழுத்துப் போட்டால்தான் ரிக் தானாக ஓடலாம்.

வரைபடத்தை நீட்டியபோது இன்னாசி பேனாவைத் தொடவில்லை.

"புரியாததுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். முதல்ல சொல்லிக் கொடுங்க, மேடம்."

"நாள் ஆகும், அண்ணே."

"ஆகட்டும்."

நான்கு மாதம் ஆனது. தினமும் வேலை முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு ஹபீபாவின் அறைக்குப் போவார். "அண்ணன் டியூஷனுக்குக் கிளம்பிட்டாரு" என்று ரிக்கில் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனார்.

மொத்தம் மூன்று இயந்திரங்கள். ஒன்று மட் பம்ப். களிமண் கரைசலைக் குழாய்க்குள் கீழே செலுத்தும். அந்தக் கரைசல் குழாய்க்கு வெளிப்புறமாக மேலேறும்போது, அரைத்த பாறைத்தூளை அள்ளிக்கொண்டு வரும். இரண்டாவது, குழாயைச் சுழற்றுவது. மூன்றாவது, குழாயை இறக்கி அழுத்துவது, தேவைப்பட்டால் தூக்குவது. மூன்றையும் மூன்று நிறுவனங்கள் செய்திருந்தன. மூன்றும் தனித்தனியாகச் சோதனையில் தேறிவிட்டன.

இன்னாசி கேட்டார்.

"மூணும் நல்லாருக்கு. அப்புறம் எதுக்கு மூணையும் சேர்த்து இன்னொரு சோதனை?"

"தெரியலை, அண்ணே."

"தெரியலையா?"

"தெரிஞ்சிருந்தா சோதனை எதுக்கு?"

இன்னாசி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பாடம் முடிந்து இன்னாசி வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, சோதனை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்கியது. முதல் இரண்டு மணி நேரம் இன்னாசிக்கு வேலையே இல்லை. இயந்திரங்கள் அவரைவிடச் சீராகத் தோண்டின. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

பத்து மணி வாக்கில் கீழே எங்கோ மண் சரிந்து குழாயைச் சுற்றி அடைத்தது. பம்ப்பில் அழுத்தம் எகிறியது. வெடித்துவிடாமல் இருக்கப் பம்ப் தானாக நின்றது. கரைசல் ஓட்டம் நின்றதைப் பார்த்ததும், குழாய் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கச் சுழற்றும் இயந்திரம் நின்றது. இரண்டும் நின்றதைப் பார்த்துவிட்டு, மூன்றாவது இயந்திரம் குழாயை இருந்த இடத்திலேயே பூட்டிக்கொண்டது.

எல்லாம் நான்கே நொடியில்.

திரையில் மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன. மூன்றுக்கும் கீழே ஒரே வாசகம்: பாதுகாப்பு நிலை.

ரிக் முழுக்க நிசப்தம். கால்களுக்குக் கீழே தரை அதிர்வதை நிறுத்தியதும் இன்னாசி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"மேடம், கையால ஓட்டுறேன்."

"ஓட்டுங்க."

ஹபீபா வேறு எதுவும் கேட்கவில்லை. இன்னாசி மூன்று இயந்திரங்களையும் தன் பிடிக்கு மாற்றினார். பம்ப்பை மிக மெதுவாகத் தட்டி எழுப்பினார். குழாயைக் கால் சுற்று திருப்பினார். அது மறுத்தது. விட்டார். மறுபடி திருப்பினார். ஒரு சாண் ஏற்றி, ஒரு சாண் இறக்கினார். குழாய் புதைந்துபோனால் எட்டு மாதமாகத் தோண்டிய கிணற்றை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். நாற்பது நிமிடம் இதையே திரும்பத் திரும்பச் செய்தார். நாற்பத்தோராவது நிமிடம் தரை லேசாக அதிர்ந்தது. குழாய் சுற்றியது.

இன்னாசியின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

மதியம் மூன்று நிறுவனத்து ஆட்களும் ஆளுக்கொரு தாளோடு வந்தார்கள்.

"எங்க பம்ப் சரியாத்தான் நின்னுச்சு. நிக்கலைன்னா வெடிச்சிருக்கும்."

"எங்களுதும் சரியாத்தான் நின்னுச்சு. நிக்கலைன்னா குழாய் முறுக்கியிருக்கும்."

"எங்களுதும் அப்படித்தான்."

தலைமை அலுவலகத்திலிருந்து மேலாளர் வரதன் தொலைபேசியில் அழைத்தார். சாயங்காலத்துக்குள் அறிக்கை வர வேண்டும். அதில் 'பழுதான பகுதி' என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விடக்கூடாது. கீழே டிரில்லரின் கையெழுத்தும் வேண்டும்.

மூவரும் போன பிறகு இன்னாசி கேட்டார்.

"எது பேரை எழுதுறது, மேடம்?"

ஹபீபா மூன்று தாள்களையும் மேசைமேல் விரித்து வைத்தார்.

"நீங்களே பாருங்க, அண்ணே."

இன்னாசி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான்கு மாதப் பாடம் கைகொடுத்தது. எல்லாம் புரிந்தது. ஆனால் ஒரு தப்பும் கிடைக்கவில்லை.

"மூணும் சரியாத்தான் செஞ்சிருக்கு."

"ஆமா."

"ஆனா மூணும் சேர்ந்து கிணத்தைக் கொன்னிருக்கும்."

"எப்படி?"

"நின்னா இயந்திரத்துக்கு நல்லது, மேடம். கிணத்துக்கு நிக்கிறதுதான் எமன். மேல வந்துக்கிட்டிருந்த தூளெல்லாம் அப்படியே உக்காந்து குழாயைப் பிடிச்சிக்கும். மெதுவாவாவது அசைஞ்சுக்கிட்டே இருக்கணும்."

"இது எந்த இயந்திரத்துக்குத் தெரியும்?"

"எதுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்."

"நான் உங்ககிட்ட கேட்டேனா?"

இன்னாசி யோசித்தார். நான்கு மாதமும் அவர்தான் கேட்டார். ஹபீபாதான் சொன்னார்.

"கேக்கலை" என்றார் மெதுவாக.

ஹபீபா அறிக்கையை இழுத்து, 'பழுதான பகுதி' என்ற கட்டத்தில் எழுதினார். இன்னாசி எட்டிப் பார்த்தார். 'இணைப்பு வரைபடம். வரைந்தவர்: ஹபீபா.'

"மேடம், இது வேண்டாம்."

"பொய்யா இருந்தா கையெழுத்துப் போடாதீங்க."

இன்னாசி மூன்று தாள்களையும் இன்னொரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார்.

ஆறு மணிக்கு வரதன் மறுபடி அழைத்தார். குரல் வெளியே கேட்டது.

"என்னம்மா எழுதியிருக்கீங்க? மேலே இதைப் படிச்சா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"பம்ப்புன்னு மாத்திக் கொடுங்க. ராத்திரிக்குள்ள வேற பம்ப் அனுப்புறேன். நாளைக்கே ஓட்டிடலாம்."

"மாத்தலை சார்."

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. ரிக் தானாக ஓடுவது நிறுத்தி வைக்கப்பட்டது. வரைபடத்தை முழுக்கத் திருத்த வேண்டும். பொறுப்பு வேறொருவருக்குப் போகிறது. ஹபீபா ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

அந்த ஒரு வாரமும் நோட்டுப் புத்தகம் ஹபீபாவின் கையில் இருந்தது. அந்த நாற்பது நிமிடத்தில் இன்னாசி எதை முதலில் தொட்டார், ஏன் விட்டார், எதைக் கேட்டு மறுபடி தொட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இன்னாசியின் கைக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை. திணறித் திணறிச் சொன்னார். சில இடங்களில், "தெரியலை மேடம், அப்படித்தான் செய்வேன்" என்றார். அதையும் எழுதிக்கொண்டார் ஹபீபா.

ஒப்படைப்பதற்காக ஹபீபா போட்ட புது வரைபடத்தில், எந்த இயந்திரமும் மற்ற இரண்டுக்கும் சொல்லாமல் தன் இஷ்டத்துக்கு நிற்க முடியாது. ஒன்று நிற்கத்தான் வேண்டும் என்றால், குழாய் அசைவதை மற்றவை பார்த்துக்கொள்ள வேண்டும். அவற்றாலும் முடியாவிட்டால் உடனே டிரில்லரை அழைக்க வேண்டும். டிரில்லருக்கென்று அதில் ஒரு கட்டமும் இருந்தது. முந்தையதில் அது இல்லை.

இன்னாசி அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும் நாளன்று ஹபீபாவின் பெட்டியை அவர்தான் ஜீப்பில் ஏற்றினார். வேலையாட்கள் தள்ளி நின்று கையசைத்தார்கள். வண்டியின் கதவைப் பிடித்தபடி நின்றவருக்கு மனசு ஆறவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா, மேடம்?"

"கேளுங்க."

"அறிக்கையில அந்தக் கட்டத்துல பம்ப்புன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா போதும். யாரும் உங்களைத் தொட்டிருக்க மாட்டாங்க. உங்களை நீங்க காப்பாத்திக்கிட்டிருக்கலாமே?"

ஹபீபா சிரித்தார்.

"அன்னைக்கு அந்த மூணும் அதைத்தானே அண்ணே செஞ்சுது?"