பட்டத்தரசியின் பின் டயர்கள்

முட்டாள்கள் யார் சொல்வதையும் கேட்கமாட்டார்கள் என்றொரு நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. நாட்டின் நலன் கருதி இதை இன்றே திருத்தியாக வேண்டும். சொல்வதைக் கேட்காதவர்கள் புத்திசாலிகள்தாம். வைத்தியர் சொன்னதில் பாதியை விட்டுவிடுவார்கள். வழி சொன்னவரிடம் தலையாட்டிவிட்டு வேறு வழியில் போவார்கள். சொன்னதைச் சொன்னபடி, ஒரு சொல் சிந்தாமல் செய்து முடிப்பவன் முட்டாள் ஒருவனே. ஆதாரம் வேண்டுவோர் மடவம்பாளையம் பழங்கார் பராமரிப்புக் கழகத்தின் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கலாம். அதில் ஒரு எழுத்துப்பிழைகூடக் கிடையாது.

கழகத்துக்கு உறுப்பினர் நான்கு பேர், கார் ஒன்று. காரின் சொந்தக்காரரே தலைவர் என்பது விதி. ஆகவே பஞ்சாலையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்ந்திருந்த தெய்வசிகாமணி ஒன்பது ஆண்டுகளாகப் போட்டியின்றித் தேர்வாகி வந்தார். தாலுகா ஆபீசில் தபால் பதிவேடு எழுதி ஓய்வு பெற்ற ஆறுச்சாமி செயலாளர். பள்ளிக்கூடத்து இயற்பியல் கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் கண்ணாடிக் குடுவை துடைத்த திருமூர்த்தி அறிவியல் ஆலோசகர். நான்காமவர் நாச்சிமுத்துவுக்குப் பதவி எதுவும் இல்லை. யார் எதைச் சொன்னாலும், "அதைத்தான் நானும் நெனச்சேன்" என்பார். அவர் இருந்ததால்தான் எல்லாத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறின.

காரின் பெயர் பட்டத்தரசி. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவில் செய்த எட்டு சிலிண்டர் வண்டி, வெண்ணெய் நிறம், சாதாரணக் கார் இரண்டின் நீளம். அந்த என்ஜினை வைத்து ஒரு ஊருக்கே தண்ணீர் இறைக்கலாம். ஆனால் அவ்வளவு பலத்தையும் தரையில் இறக்க வேண்டிய பின் டயர்கள் இரண்டும் முப்பது வருடத்துப் பழசு. அவற்றில் வரி என்று சொல்ல மிஞ்சியிருந்தது கம்பெனி பேர் ஒன்றுதான்.

இந்தக் குறை சம்பந்தி கிட்டுசாமி தோட்டத்தில், பேரன் காதுகுத்தன்று, ஊரறிய வெளிப்பட்டது. முந்தின நாள் மழை. தெய்வசிகாமணி கிளம்புகிற கம்பீரத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினார். பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. கார் ஒரு முழம் நகரவில்லை. சேறு மட்டும் முப்பது அடி போய்ப் பந்தியில் இருந்தவர்களின் இலையில் இறங்கியது.

கிட்டுசாமி தன் இலையைப் பார்த்தார். பிறகு சம்பந்தியைப் பார்த்தார்.

"ஏனுங் சம்பந்தி, வண்டி வெச்சிருக்கறது ஓட்டறதுக்குங்களா, பரிமாறறதுக்குங்களா?"

பந்தியே சிரித்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம பழைய காரெல்லாம் வெள்ளைக்கரட்டு மலை மேல ஏறுதாமல்லங்க. உங்குளுது ஏறலீன்னா சொல்லுங்க, டிராக்டர்ல கட்டி எங்க தோட்டத்துக்கே கொண்டாந்துக்கறேன். கோழி அடைக்க நல்ல கூடா ஒண்ணு தேடிட்டிருக்கறனுங்."

"ஏறலீன்னா எடுத்துக்குங்க!" என்று சொல்லிவிட்டார் தெய்வசிகாமணி. இருநூறு பேர் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து காரின் பின்சீட்டுத் தோலைத் தடவிப் பார்த்தார். அப்பா வாங்கிய கார் அது. அதில் கோழி.

மறுநாள் கழகம் முழுவதும் பொள்ளாச்சி ரோட்டில் ரெஜினாவின் டயர் கடைக்குப் போயிற்று. ரெஜினா அந்தத் தொழிலில் இருபது வருடம் பழுத்தவர். காரைச் சுற்றி வந்து, பின் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, ஆறுச்சாமி எழுதிக்கொள்ளும் வேகத்துக்குச் சொன்னார்.

"உந்தித் தள்றது பின்சக்கரம். அங்கதான் பிடிப்பு வேணும். நல்ல அகலமான டயரா பாருங்க. ஈரத்துலயும் வழுக்கக் கூடாது. காத்து ஒரு துளி கம்மியாவே இருக்கட்டும். வண்டிக்குப் பின்னாடி கொஞ்சம் கனம் இருந்தா கரடு ஏறுறப்ப நல்லது. முக்கியமா, மெதுவா மிதிங்க. குடோன்லருந்து அஞ்சு தினுசு வெளிய எடுத்து வெச்சிருக்கேன். பாத்துட்டே இருங்க, சாப்பிட்டு வந்துடறேன்."

ஒரு மனுஷி நிம்மதியாகச் சாப்பிடப் போனதால் விளைந்த சேதங்களில் இது பெரியது.

"பிடிப்பைக் கண்ணால பாத்து எப்படிங்க கண்டுபிடிக்கறது?" என்றார் தெய்வசிகாமணி.

"சோதனை பண்ணோணும்," என்றார் திருமூர்த்தி. "கடை வாசல் சரிவா இருக்குது பாருங்க. அஞ்சையும் நிக்க வெச்சுக் கைய விடுவோம். பிடிப்பு இல்லாதது உருண்டு போயிரும். பிடிப்பு இருக்கறது நிக்கும்."

"அதைத்தான் நானும் நெனச்சேன்," என்றார் நாச்சிமுத்து.

கையை விட்டார்கள். ஐந்தும் உருண்டன. ஒன்று பேக்கரிக்குள் நுழைந்தது. இன்னொன்று பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களைக் கடந்து, பஸ்ஸையும் கடந்து போயிற்று. மற்ற மூன்றும் போன திசையை ஆறுச்சாமி குறித்துக்கொண்டார். 'ஐந்தும் தேறவில்லை' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

தெய்வசிகாமணிக்குக் கோழி கூவுவது கேட்பது போல் இருந்தது. தளர்ந்து போய்ப் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். அது கடையின் 'காற்று இலவசம்' பலகை நட்டிருந்த டயர். பலகை சாயாமலிருக்க உள்ளே முழுக்க சிமென்ட் ஊற்றியது. உட்கார்ந்தவர் மெல்ல நிமிர்ந்தார்.

"ஏப்பா, இதுவும் இதே சரிவுலதானப்பா இருக்குது?"

நால்வரும் அதைச் சூழ்ந்தார்கள். திருமூர்த்தி உதைத்தார். பிறகு கால் விரலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றபடி, எதிர் டீக்கடைக்காரரிடம் குரல் கொடுத்தார்.

"ஏனுங், இந்த டயரு எத்தன நாளா இங்க இருக்குது?"

"அதுங்களா, ரெண்டு வருசமா இருக்குதுங்."

"நகரவே இல்லீங்களா?"

"போன ஐப்பசி மழைல பலகையே முறிஞ்சு வேற மாத்துனாங்க. டயரு அசையலீங்."

"மழையிலும்!" என்றார் ஆறுச்சாமி. காகிதத்தை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். "அகலம்?"

"இருக்குது."

"ஈரத்துல வழுக்கக் கூடாது?"

"சாட்சியே இருக்குது."

"காத்து கம்மி?"

"கம்மி என்ன, துளிகூட இல்ல."

"பின்னாடி கனம்?"

நால்வரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். முடியவில்லை. தெய்வசிகாமணியின் கண் கலங்கியது. இப்படியொரு டயரை வாசலில் போட்டுவிட்டு, உருண்டோடுகிற சரக்கைக் குடோனில் பூட்டி வைக்கிற கடைக்காரியை நினைத்து அவருக்கு இரக்கம்கூட வந்தது. வாசலின் மறுகோடியில் 'வண்டி நிறுத்தாதீர்' பலகைக்கு அடியில் இதன் ஜோடியும் இருந்தது. பலகைகளை மரியாதையாகச் சுவரில் சாய்த்துவைத்து, 'தங்கள் கடையின் ஆகச் சிறந்த இரண்டை எடுத்துக்கொண்டோம்' என்று சீட்டு எழுதி வைத்து, நாலு சுமைக்காரர்களைப் பிடித்து ஏற்றிவந்தார்கள்.

வீட்டில் ஒரு சிக்கல் எழுந்தது. சிமென்ட் டயரின் நடுவே பலகைக் குழாயின் அடித்தண்டு நின்றது. அதைச் சக்கரத்தில் மாட்ட வழியே இல்லை. கழகம் அவசரமாகக் கூடியது.

"மாட்டோணும்ன்னு என்ன அவசியம்?" என்றார் திருமூர்த்தி. "காந்தம் இருக்குதல்லங்க, அது ஆணியத் தொட்டா இழுக்குது? பக்கத்துல வந்தாலே இழுக்குது. பிடிப்பும் அப்படித்தான். டிக்கில வெச்சுட்டா, சக்கரத்துக்கும் இதுக்கும் நடுவுல ஒரு தகரந்தான்."

"பழைய டயரு?"

"அது பாட்டுக்குச் சுத்தட்டும். பிடிக்கறத இது பாத்துக்கும்."

"அதைத்தான் நானும் நெனச்சேன்," என்றார் நாச்சிமுத்து. தீர்மானம் நிறைவேறியது. டயர்கள் டிக்கியில் இறங்கின. பட்டத்தரசியின் பின்பக்கம் ஒரு ஜாண் தாழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்தது.

சாயங்காலம் ரெஜினா போனில் கூப்பிட்டார்.

"அண்ணா, அது டயர் இல்லீங்ணா! பலகைக்கு அடி!"

"அந்த எண்ணத்துலயேதான் ரெண்டு வருசத்த வீணாக்கிட்டீங்க," என்று வருத்தத்தோடு சொல்லிப் போனை வைத்துவிட்டார் தெய்வசிகாமணி.

ஆனால் ஆறுச்சாமிக்கு இன்னொரு ஐயம். பின்னால் கனம் வேண்டுமென்றால், ஓட்டுபவர் முன்னால் உட்காருவது விதிமீறல் அல்லவா? இதை ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். ஸ்டீயரிங்கைப் பின்சீட்டுக்கு மாற்ற முடியாது என்று மெக்கானிக் கதவைச் சாத்திவிட்டார். முடிவாக, உறுப்பினர் மூவரும் பின்சீட்டில் நெருக்கி உட்காருவது, தலைவர் ஞாயிறு வரை சாப்பிடாமல் இருந்து முன்பக்கத்தின் கனத்தைக் குறைப்பது என்று தீர்மானமாயிற்று. தெய்வசிகாமணி மூன்று நாள் மோரும் எலுமிச்சைத் தண்ணீருமாகக் கிடந்தார். பக்கத்து வீட்டில் கடுகு தாளிக்கும்போதெல்லாம் எழுந்துபோய்க் காரைத் தடவிக்கொடுத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைக்கரட்டின் அடிவாரத்தில் பழைய கார்கள் வரிசையாக நின்றன. கரடு என்றால் சின்ன மலைதான். ஆனால் உச்சியிலிருக்கும் பயணியர் மாளிகை வரைக்கும் செங்குத்தான சரளைப் பாதை, அதுவும் ஈரம். அடிவாரத்தில், பாதை வளைகிற இடத்தில், கிட்டுசாமியின் தோட்டம். கேட்டைத் திறந்துபோட்டு, டிராக்டரில் கயிற்றோடு உட்கார்ந்திருந்தார் கிட்டுசாமி.

"கோழிக்குத் தவிடு வாங்கி வெச்சாச்சுங் சம்பந்தி!"

பசியில் தெய்வசிகாமணிக்கு இரண்டு கிட்டுசாமிகள் தெரிந்தார்கள். மெதுவாக மிதிக்கச் சொன்னது நினைவிருந்ததால் செருப்பைக் கழற்றிவிட்டு, சுண்டுவிரலால் ஆக்சிலேட்டரைத் தொட்டார்.

பட்டத்தரசி ஏறியது.

பின்சக்கரத்தின் தலைமேல் கால் டன் சிமென்டையும் மூன்று முட்டாள்களையும் வைத்தால், வழுக்கை டயரும் வேறு வழியின்றித் தரையைப் பிடிக்கும். இது இயற்பியல். ஆனால் இயற்பியல் சொல்லி நம்புகிறவர் யாரும் அந்தக் காரில் இல்லை. வளைவுக்கு வளைவு மூவரும் பின்சீட்டிலிருந்து டிக்கியைத் தட்டிக்கொடுத்து, "பிடிக்குது! பிடிக்குது!" என்று கத்தினார்கள். உச்சியில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். கீழேயிருந்து கிட்டுசாமி துண்டை வீசித் தோல்வியை ஒப்புக்கொண்டது தெரிந்தது.

தெய்வசிகாமணி காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுக்கக் கையை வைத்தார்.

"தலைவரே!" என்றார் திருமூர்த்தி. "ரெண்டு வருசம் சரிவுல நின்ன டயருக்குப் பிரேக்குங்களா?"

"அவமரியாதை ஆயிருமுங்க," என்றார் ஆறுச்சாமி.

"அதைத்தான் நானும் நெனச்சேன்," என்றார் நாச்சிமுத்து.

தெய்வசிகாமணி வெட்கத்தோடு கையை எடுத்துக்கொண்டார். கியரையும் விடுவித்தார். மாளிகையில் இட்லி போடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். நால்வரும் இறங்கி நடந்தார்கள்.

பட்டத்தரசி கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பின்பக்கமாக, பட்டத்தரசிக்குரிய நிதானத்தோடு புறப்பட்டது. வளைவுகளில் ஓரக்கல்லை உரசி உரசித் திரும்பி, போகப்போக நிதானத்தைக் கைவிட்டு, அடிவாரத்தில் திறந்திருந்த கேட்டு வழியாகக் கிட்டுசாமியின் தோட்டத்துக்குள் நுழைந்து, காதுகுத்தன்று தானே தோண்டிய அதே சேற்றுப் பள்ளத்தில் அச்சு வரைக்கும் இறங்கி உட்கார்ந்தது. யாருக்கும் காயமில்லை. எட்டாவது இட்லியைப் பாதியில் விட்டுவிட்டுத் தெய்வசிகாமணி ஓடி வந்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலீங் சம்பந்தி," என்றார் கிட்டுசாமி. "நீங்க செயிச்சுட்டீங்க. அதுவாத்தான் வந்துச்சு. இருங்க, இழுத்து வெளிய விடறேன்."

டிராக்டரைக் கட்டி இழுத்தார். கயிறு அறுந்தது. சங்கிலி போட்டு இழுத்தார். டிராக்டரின் முன்பக்கம் தூக்கியது, கார் அசையவில்லை.

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா?" என்றார் திருமூர்த்தி, மெல்லிய குரலில். "இப்பத்தான் முழுசாப் பிடிச்சிருக்குது."

கிட்டுசாமி டிக்கியைத் திறந்து பார்த்தார். "சம்பந்தி, இந்த ரெண்டு கல்லையும் எறக்கி வெச்சா வண்டி வந்துருமுங்க."

கழகம் அங்கேயே, சேற்றில் நின்றபடி, கூடியது.

"பிடிப்பு இல்லீன்னுதான இத்தன பாடும்?" என்றார் ஆறுச்சாமி. "கெடச்ச பிடிப்ப நம்ம கையாலயே எறக்கறதுங்களா?"

தெய்வசிகாமணி காரைப் பார்த்தார். முப்பது வருடமாக வழுக்கிக்கொண்டே இருந்த கார். டிராக்டரால்கூட அசைக்க முடியாத கார். அவருடைய நெஞ்சு விம்மியது.

"எறக்க வேண்டாம்," என்றார்.

"அதைத்தான் நானும் நெனச்சேன்," என்றார் நாச்சிமுத்து. ஒருமனதாக நிறைவேறியது. ஆறுச்சாமி தீர்மானப் புத்தகத்தில் 'பின் டயர்: பிடிப்பு மிக நன்று' என்று எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை பின்சீட்டில் இரண்டு முட்டை இருந்தன.