நான்காம் துண்டை நறுக்காயி வெட்டிய கதை

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருக்கும் உயிரணுக்கள் எல்லாம் வாய் திறந்து பேசின. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு சுவடி இருந்தது. கல்லீரலில் இருந்த சுவடியும் மூளையில் இருந்த சுவடியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

அதில் ஒரு பக்கம், அடக்கி என்ற காவல்காரனைச் செய்யும் விதம். உயிரணுக்கள் கண்டபடி பெருகிக் கட்டியாகிவிடாமல் அதட்டுவது அவன் வேலை. எழுதியவர் யாரோ, அவர்மேல் எனக்குக் கோபம்தான். உபயோகமான எழுத்து ஏழு துண்டு, நடுநடுவே ஏதேதோ உளறல். சுவடியில் கை வைக்கக் கூடாது. பிரதி எடுத்து, உளறலை வெட்டி எறிந்து, ஏழு துண்டையும் ஒட்ட வேண்டும். இதற்கென்று ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஒரு வெட்டுக்காரி இருந்தாள். மூளையில் நெட்டையன் என்ற நரம்பணுவுக்குள் இருந்தவள் நறுக்காயி.

ஒரு மழை நாளில் அந்த உடம்பு ஆற்று மணலில் படுத்துக் கிடந்தது. வெள்ளம் ஏறியது. எழுந்து ஓட வேண்டுமானால், நெட்டையன் முதுகுத்தண்டுக்குள் கையை நீட்டிக் கால்களுக்குச் சேதி சொல்ல வேண்டும். நீட்டினான்.

"போதும், வளராதே!" என்று அடக்கி தடுத்தான்.

"நான் எங்கேப்பா பெருகுறேன்? கையைத்தானே நீட்டுறேன்!"

அடக்கி திருதிருவென்று விழித்தான். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

நெட்டையன் அலறினான். "நறுக்காயி அக்கா, தண்ணி மூக்குக்கு வந்துடுச்சு! இவனை மாத்திச் செய்யேன்க்கா!"

"எந்தத் துண்டுல இவன் பிடிவாதம் இருக்குன்னு எனக்கென்னடா தெரியும்? மூணா, நாலா? தப்பா வெட்டினா காவலே போயிடும். நீ கட்டியாப் பெருகி எல்லாரும் சாவோம்."

"வெட்டலேன்னா இப்பவே சாவோம்க்கா!"

புதிதாக ஒரு பிரதி எடுத்து, அதில் மூன்றாம் துண்டைப் படித்தாள். நான்காம் துண்டைப் படித்தாள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. மறுபடி படித்தாள், இன்னும் குழம்பியது. கண்ணை மூடிக்கொண்டு நான்காம் துண்டை உளறலோடு சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு, மூன்றையும் ஐந்தையும் ஒட்டினாள்.

பழையவன் இடத்தில் புதிய அடக்கி எழுந்து நின்றான். "பெருகாதே!" என்றான். நெட்டையன் பயந்து பயந்து கையை நீட்டினான். அடக்கி பார்த்துக்கொண்டே இருந்தான், தடுக்கவில்லை. கை இறங்கிக்கொண்டே போனது. கால்கள் அசைந்தன. உடம்பு இருமிக்கொண்டே எழுந்து கரையேறியது.

மூளையின் மற்ற வெட்டுக்காரிகள் காரணம் கேட்காமலே அப்படியே வெட்டத் தொடங்கினார்கள். கல்லீரலிலிருந்து மட்டும் ஒரு குரல் வந்தது. "ஒரே சுவடிதானே? உங்க காவல்காரன் மட்டும் ஏன் வேற ஆளா இருக்கான்?"

"தெரியலையே," என்றாள் நறுக்காயி. "சரியாத்தான் வெட்டினேனா, அதுவும் தெரியலை." பாவம், அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று முதல்தான் மற்ற இடங்களில் ஏழு துண்டுக் காவல்காரனும், மூளையில் மட்டும் ஆறு துண்டுக் காவல்காரனும் இருக்கிறார்கள். யாராவது ஒரு வெட்டுக்காரி தப்பாக வெட்டி மூளையில் கட்டி கிளம்பினால், வைத்தியர்கள் சில சமயம் சுவடியை வரிவரியாகப் படித்துவிட்டு, "எழுத்தெல்லாம் சரியாத்தானே இருக்கு!" என்று குழம்பி நிற்பதும் அன்று முதல்தான். வெட்டெல்லாம் பிரதியில்தானே, வெட்டிய கை சுவடியில் ஒரு கீறல்கூட விடவில்லை.