குடைக்காரன் ஒச்சப்பனும் கஞ்சிக் கலயமும்

ஒரே ஒரு ஊர்ல ஒச்சப்பன்னு ஒருத்தன் இருந்தான். பனமரத்துல பாதி இருப்பான். நீளமான தொரட்டிக் கம்பைப் பிடிச்சு ஆட்டுக்குக் குழை அறுத்துப் போடுறதுதான் அவன் பொழப்பு. அவன் பொண்டாட்டி பேரு மூக்கம்மா. அந்த நாட்டு ராஜாவுக்குக் குடை பிடிச்சவனுக்கு வயசாகிப் போச்சு, உயரமா, கை அசராத ஆளா வேணும்னு தேடுனாங்க, தேடித் தேடி ஒச்சப்பன்கிட்ட வந்து, "நாளையிலேருந்து நீதான்பா ராஜாவுக்குக் குடைக்காரன்"னு சொல்லிட்டாங்க.

அம்புட்டுத்தான், பயலுக்குக் கால் தரையில பாவல. கோழி கூப்பிடக் குளிச்சான், கூட்டாளி ராக்கன்கிட்ட நல்ல வேட்டி ஒண்ணு இரவல் வாங்கிக் கட்டுனான், கிளம்பிட்டான். மூக்கம்மா, "ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போய்யா, பசி தாங்க மாட்டியே"ன்னா. "போடி, அரண்மனைக்காரன் கஞ்சி குடிப்பானா"ன்னுட்டு ஓடியே போயிட்டான்.

அங்க செவப்புத் தலைப்பா குடுத்தாங்க. முத்துக் குஞ்சம் வச்ச வெண்குடையைக் கையில குடுத்தாங்க. அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பான்னு சொல்லுவாங்கல்ல? இவன் பட்டப்பகல்லதான் பிடிச்சான், அதுல தப்பில்ல. சிரிக்காம கேளுங்க. தலைப்பாவைத் தலையில கட்டுன பய கண்ணுலயும் சேத்துக் கட்டிக்கிட்டான், அதுதான் தப்பு.

ராஜா அன்னிக்குக் கம்மாய்க்கரையைப் பாக்க நடந்தே கிளம்புனாரு. பின்னால மந்திரிமாரு, பட்டு உடுத்துன பெரிய மனுசங்க, ஒரு பெருங்கூட்டம். வழி ஒச்சப்பன் ஊரு வழியாத்தான். முதல்ல ராக்கன் நின்னான். "டேய் ஒச்சு, ஜம்முன்னு இருக்கடா"ன்னான். ஒச்சப்பன் வானத்தைப் பாத்தான். அப்புறம் அவனைத் தோள்ல தூக்கி வளத்த தாய்மாமன் நின்னாரு. "நல்லாருப்பா மருமகனே"ன்னாரு. ஒச்சப்பன் குடையைப் பாத்தான். அப்புறம் யாரு? மூக்கம்மாதான். புருசன் வெறும் வயித்தோட போனானேன்னு கலயத்துல கம்பங்கஞ்சி எடுத்துக்கிட்டு, கொதிக்கிற வெயில்ல வெறுங்காலோட வந்து நிக்கிறா.

ராஜா பாத்துட்டாரு. "யாரப்பா அந்தம்மா, உன்னையே பாக்குது?"

ஒச்சப்பன் அவ கிழிஞ்ச சேலையைப் பாத்தான், பின்னால நின்ன பட்டுக்காரங்களைப் பாத்தான். "தெரியாதுங்க மகாராசா. கஞ்சி விக்கிற பொம்பளையா இருக்கும்"ன்னான். அவளுக்குக் கேட்டுருச்சு. கிட்டத்துலதான நின்னா, பாவம்.

ராஜா, "நல்லதாப் போச்சு, எனக்கும் நாக்கு வறண்டு கெடக்கு, கூப்பிடு"ன்னாரு. பாவி, சொந்தப் பொண்டாட்டியை, "ஏம்மா, இங்க வாம்மா"ன்னு கூப்பிட்டான். அவளும் வந்தா. ராஜா கஞ்சியைக் குடிச்சாரு, மிச்சம் வைக்காமக் குடிச்சாரு, "அருமையா இருக்கும்மா, என்ன விலை?"ன்னாரு.

"விக்கிறதில்லைங்க. எம் புருசன் இன்னிக்குத்தான் புது வேலைக்குப் போனாரு. சந்தோசத்துல சாப்பிடாமப் போயிட்டாரு. அவருக்குக் கொண்டாந்தேன்."

"உம் புருசன் எங்கம்மா?"

அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. காட்டிக் குடுக்க மனசு வரல அவளுக்கு. ஆனா காலையிலேருந்து அசையாத குடை இப்பக் கிடுகிடுன்னு ஆடுது, முத்துக் குஞ்சமெல்லாம் கலகலங்குது. ராஜா அண்ணாந்து பாத்தாரு. அவருக்குப் புரிஞ்சுபோச்சு.

"ஒச்சப்பா, இது யாரு?"

"எம் பொண்டாட்டிங்க"ன்னு வாய்க்குள்ளயே சொன்னான்.

"பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

"எம் பொண்டாட்டிங்க மகாராசா."

"எனக்கு மரத்தடி போதும். இந்தம்மாவுக்குக் குடை பிடிச்சு வீட்டுல விட்டுட்டு வா."

போனாங்க. அவ பக்கம் குடையைச் சாய்ச்சான், அவ வெயிலுக்கு நகந்தா. அந்தப் பக்கம் கொண்டுபோனான், இந்தப் பக்கம் நகந்தா. "மூக்கு, நிழலுக்கு வா"ன்னு கெஞ்சுனான், அவ திரும்பிக்கூடப் பாக்கல. வெறும் நிழலை யாருக்கோ பிடிச்சுக்கிட்டு ஊரு நடுவுல நடந்து வாரான் மனுசன். தாய்மாமன் பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. ராக்கன் கூப்பிடல. இடுப்புல இருக்கிற இரவல் வேட்டி அவனுக்குச் சுட்டுச்சு.

தெருமுக்குல ஒருத்தி, "என்ன மூக்கம்மா, குடையெல்லாம் பலமா இருக்கு, யாரு இந்த ஆளு?"ன்னு கேட்டா. ஒச்சப்பனுக்கு உசுரே நின்னு போச்சு. இவளும் தெரியாதுன்னு சொல்லப் போறாள்னு கண்ணை மூடிக்கிட்டான்.

"எங்க வீட்டுக்காரருதான்க்கா, தெரியலையா? இன்னிக்குத்தான் அரண்மனையில வேலைக்குச் சேந்திருக்காரு"ன்னா மூக்கம்மா.

அவளும் தெரியாதுன்னு சொல்லியிருந்தா கணக்கு நேராயிருக்கும், அவனும் கொஞ்சம் நிமிந்திருப்பான். அவ சொல்லலையே. ஒச்சப்பன் அம்மாம் பெரிய குடையைப் பிடிச்சுக்கிட்டு நட்டநடுத் தெருவுல நின்னு ஓன்னு அழுதான்.

வேலை போச்சான்னு கேக்குறீங்களா? போகல. அன்னிக்கு அரண்மனையில அவனுக்கு நெய்ச்சோறு போட்டாங்க, தொண்டையில இறங்கல. தன் மனுசங்களைத் தெரியாதுன்னு சொன்ன வாய்க்கு எந்தச் சோறும் ருசிக்காது கண்ணுங்களா. கதை வீடு போய்ச் சேந்துருச்சு, நீங்களும் போய்ப் படுங்க.