கருகிய நாற்றுக்கு ஒரு விருது

“மேடம், இந்த விருதை நான் வாங்கலாமா, கூடாதா?”

கணிதத் துறை அறை வாசலில் நின்றபடியே கேட்டார் தாவரவியல் பேராசிரியர் இன்னாசிமுத்து. உள்ளே மெகருன்னிசா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

மெகருன்னிசாவைவிட இன்னாசிமுத்து ஆறு வயது மூத்தவர். ஆனாலும் ஒரு காலத்தில், புள்ளியியல் புரியவில்லை என்று, எம்.எஸ்ஸி. மாணவர்களோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவரிடம் பாடம் கேட்டவர். அன்றிலிருந்து கல்லூரியே இவரை ‘மேடத்தோட சீடர்’ என்று கேலி செய்யும். இவரும் மறுப்பதில்லை.

“உட்காருங்க சார். என்ன ஆச்சு?”

“நாற்றெல்லாம் செத்துப்போச்சு.”

உப்பு மண்ணிலும் நெல்லை வளரவைக்கும் ஒரு நுண்ணுயிரை அவர் கண்டுபிடித்திருந்தார். பல்கலைக்கழகத்தின் சிறந்த ஆய்வாளர் விருது அதற்குத்தான். வெள்ளிக்கிழமை கல்லூரியிலேயே விழா. வாசலில் அவர் படம் போட்ட பேனர்கூட ஏறிவிட்டது.

சிறப்பு விருந்தினருக்குக் காட்டலாம் என்று மறுபடி வளர்த்துப் பார்த்தார். ஒரு தொட்டி விடாமல் கருகிவிட்டது.

“முதல் தடவை எப்படி இருந்துச்சு?”

“பச்சைப்பசேல்னு நின்னுச்சு மேடம். சத்தியமா.”

“இப்ப கருகினது?”

“அதுவும் சத்தியம்.”

“சரி.”

“என்ன மேடம் சரி? ரெண்டும் சத்தியம்னா விருது எதுக்கு?”

மணி அடித்தது. மெகருன்னிசா எழுந்தார்.

“கிளாஸ் இருக்கு. வாங்க.”

இன்னாசிமுத்து பழையபடி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

மெகருன்னிசா ஒரு தேற்றத்தை நிரூபித்துக்கொண்டே போனார். கரும்பலகை நிறைந்தது. பிள்ளைகள் தலையாட்டிக்கொண்டே எழுதினார்கள். இரண்டு பேர் தூங்கினார்கள்.

ஓரிடத்தில் சாக்பீஸ் நின்றது.

எழுதியதை மேலிருந்து மறுபடி படித்தார்.

“இந்த வரி தப்பு,” என்றார்.

பிள்ளைகள் பேனாவை நிறுத்தினார்கள்.

“போன வருஷமும் இதையேதான் நடத்தினேன். அந்த வருஷம்தான் எனக்கு நல்லாசிரியர் விருது கொடுத்தாங்க.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் அழித்தார்.

“அப்ப சரியான வரி எது மேடம்?” ஒரு பையன் கேட்டான்.

“தெரியலைப்பா. பார்ப்போம்.”

தூங்கிக்கொண்டிருந்த இருவரையும் பக்கத்தில் இருந்தவர்கள் உலுக்கி எழுப்பினார்கள்.

வெளியே வந்ததும் இன்னாசிமுத்து கேட்டார்.

“எனக்குப் பதில் சொல்லலையே மேடம்?”

“எனக்கே அந்த வரி இன்னும் வரலை. உங்களுக்கு என்னத்தைச் சொல்றது?”

அவர் வந்ததைவிடக் குழம்பிப்போய்த் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. சால்வை போர்த்தினார்கள். கேடயம் கொடுத்தார்கள். நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைத் தந்தார்கள்.

என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. நன்றி என்றார். பிறகு, தான் நினைக்காமலேயே, சொல்லிவிட்டார்.

“எல்லாரும் பாராட்டினீங்க. ஆனா இந்தத் தடவை பயிர் வரலை. கருகிடுச்சு. ஏன்னு எனக்குத் தெரியலை.”

கல்லூரி முதல்வர் நாற்காலியிலிருந்து எட்டி, “என்ன சார் இது, மேடையில போய்?” என்றார் பல்லைக் கடித்தபடி.

கேடயத்தைத் திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா? ஒரு கையில் கேடயமும் மறு கையில் மைக்குமாக நின்றார். கூட்டத்தில் மெகருன்னிசாவைத் தேடினார். அவர் இவரைப் பார்க்கவில்லை. பின்வரிசைப் பக்கம் திரும்பியிருந்தார்.

அங்கே ஒரு மாணவி எழுந்து நின்றிருந்தாள்.

“சார், போன வருஷம் கண்காட்சியில நீங்க கொடுத்த நுண்ணுயிர் பாட்டிலை எங்க அப்பாகிட்ட கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்களது கடலோரம், உப்பு மண்ணு. முழு வயலுக்கும் கலந்துவிட்டாரு.”

இன்னாசிமுத்து மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

“என்னம்மா ஆச்சு?”

“பாதி நல்லா விளைஞ்சுது சார். பாதி அப்படியே கருகிப் போயிடுச்சு. ஏன்னு அப்பாவும் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு.”

முதல்வர் மைக்கை வாங்கக் கை நீட்டினார். இன்னாசிமுத்து கேடயத்தை அந்தக் கையில் வைத்துவிட்டு, படியைக்கூடப் பார்க்காமல் மேடையிலிருந்து இறங்கினார்.

“எந்தப் பாதிம்மா?”